ஒன்பது வரிசைகளுக்கு விட்ட தண்ணீர்

ஹெலன் ஒரு பழத்தைப் பிடுங்கி வாயில் போட்டார். மென்றார். பிறகு துப்பினார்.

நான் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றேன். பாராட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். அந்த வரிசைகளில் அப்படிப் பழம் அதற்கு முன் காய்த்ததே இல்லை. ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு, தோல் பளபளத்து, குலையின் கனத்தில் கொடியே தாழ்ந்து கிடந்தது.

அவர் அடுத்த வரிசைக்குப் போனார். அங்கும் ஒன்று பிடுங்கினார். துப்பினார். அதற்கடுத்த வரிசை. அதற்கடுத்தது. ஒன்பது வரிசையும் முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கோடை காலத்துக் காலை. எங்கும் காய்ந்த புல் மணம். அந்தச் சரிவில் மட்டும் ஈர மண் மணத்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்றைக்கும் முழுதாக விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

ஒரு வரியில் தாண்டிய தோட்டம்

மெல்பேர்னுக்கு வந்த நாளிலிருந்து நான் பார்த்த வேலைகளைப் போன கிழமை எழுதியிருந்தேன். கோழித் தொழிற்சாலை, கார் கழுவும் இடம், முதியோர் இல்லத்துக் குசினி, கடைசியாக ஒரு முந்திரிகைத் தோட்டம். ஸ்பிரிங்வேல் மீன்கடையில் ஒரு வாசகர் என்னை மறித்தார். கோழிக்கு இரண்டு பக்கம் எழுதிவிட்டு முந்திரிகைத் தோட்டத்தை ஏன் ஒரே வரியில் தாண்டினேன் என்று கேட்டார். மீன்காரர் என்னுடைய மீனை வெட்டிக்கொண்டிருந்தபடியால் தப்பி ஓடவும் வழியில்லை. எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் முந்திரிகை என்பது உங்கள் திராட்சை. பாயசத்தில் வறுத்துப் போடும் பருப்பு அல்ல.

கிரான்பர்னில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து தெற்கே, கடல் பக்கமாக முக்கால் மணி நேரம் கார் ஓடினால் அந்தத் தோட்டம் வரும். சொந்தக்காரி ஹெலன். அப்போது எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். கணவர் பீட்டர் இறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. பெரிய தோட்டத்துப் பழம் முழுவதையும் வைன் செய்பவர்களுக்கு விற்றுவிடுவார். அது வயிற்றுப்பாட்டுக்கு. வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஒன்பது வரிசை தனியாக நின்றது. அது அவருடைய உயிர். அதில் வரும் பழத்தில் வருடம் ஒரேயொரு பீப்பாய் வைன் செய்வார். விற்கமாட்டார்.

வேலை கேட்டுப் போன முதல் நாள், ஊரில் முந்திரிகை வைத்திருந்தேன் என்று சொன்னேன். பொய்யில்லை. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் மூன்று பரப்புக் காணியில் பந்தல் போட்டு வளர்த்தவன்தான். ஹெலன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, நாளைக்கே வரச் சொன்னார். எனக்குத் தெரிந்த முந்திரிகையும் அவருக்குத் தெரிந்த முந்திரிகையும் ஒன்று என்று இரண்டு பேருமே நம்பிவிட்டோம்.

ஒன்பது கிரகம்

ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் ஒரு மரப்பலகை. அதில் வெள்ளைப் பெயின்றில் ஒரு பிரெஞ்சுப் பெயர்.

பிரான்சில் ஷெவ்ரே-ஷாம்பெர்த்தான் என்று ஒரு கிராமம் இருக்கிறது. வைனுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒவ்வொரு தோட்டத்துக்கும் தரம் உண்டு. ஆகக் கீழே சாதாரணம், அதற்கு மேல் முதல் தரம், அதற்கும் மேலே உச்சத் தரம். முதல் தரத்துக்கு மேலே இன்னொரு தரம் எப்படி இருக்கலாம் என்று கேட்டேன். அது அப்படித்தான் என்றார் ஹெலன். அந்த உச்சத் தரத்தில் இருப்பவை ஒன்பதே ஒன்பது தோட்டங்கள்.

ஹெலனும் பீட்டரும் கல்யாணம் முடித்த வருடம் அந்த ஊருக்குப் பழம் பிடுங்கும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே யாரோ ஒரு கிழவர் ஒரு கிண்ணம் வைன் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அதைக் குடித்தவர்களுக்கு அதன் பிறகு வேறு நினைப்பே இல்லை. திரும்பி வந்து, சரிவான காணியாகத் தேடி வாங்கி, அந்த ஒன்பது தோட்டத்துக்கும் ஒவ்வொரு வரிசையாக, அங்கே உள்ள ஒழுங்கிலேயே நட்டுவிட்டார்கள். நடுவே ஒற்றையடிப் பாதை. பாதைக்கு மேலே ஐந்து வரிசை, கீழே நாலு. அந்தக் கிராமத்திலும் தெருவுக்கு மேலே ஐந்து தோட்டம், கீழே நாலு தோட்டமாம்.

பெயர்கள்தான் என்னைப் பாடாய்ப் படுத்தின. மேலே இருப்பவை ருஷோத், மாஸி, க்ளோ த பேஸ், ஷாம்பெர்த்தான், லத்ரிசியேர். கீழே இருப்பவை ஷப்பேல், கிரியோத், ஷார்ம், மாஸ்வாயேர். ஹெலன் சொன்னால் பாட்டுப் போல இருக்கும். நான் சொன்னால் இருமுவது போல இருக்கும்.

ஒன்பது என்றால் எனக்கு நவக்கிரகம்தான் தெரியும். ஆகவே வரிசைக்கு ஒரு கிரகத்தை ஏற்றி வைத்துக்கொண்டேன். பெரியவர் ஷாம்பெர்த்தான், அவர் சூரியன். பக்கத்தில் இருக்கும் க்ளோ த பேஸ் சந்திரன். கீழே தாராளமாகக் காய்க்கும் ஷார்ம் சுக்கிரன். உச்சியில், மண்ணே இல்லாமல் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்ற ருஷோத்துக்குச் சனியைக் கொடுத்தேன். ராகுவும் கேதுவும் எந்த வரிசை என்று எனக்கே அடிக்கடி மாறிப்போகும்.

நீளப் பெயர், குட்டைப் பெயர்

ஒரு நாள் மத்தியானம் ஹெலன் இரண்டு போத்தல்களைக் குசினி மேசையில் வைத்தார். இரண்டும் அந்த ஊரிலிருந்து வந்தவை. ஒன்றில் ஷெவ்ரே-ஷாம்பெர்த்தான் என்று நீளமாக எழுதியிருந்தது. மற்றதில் ஷாம்பெர்த்தான் என்று மட்டும். எது உயர்ந்தது என்று கேட்டார்.

நீளமானதைக் காட்டினேன். எங்கள் ஆட்களின் கல்யாணக் கார்டைப் பார்த்தவர்கள் யாரும் அப்படித்தான் காட்டுவார்கள். பெயருக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தொங்குகிறதோ அவ்வளவு மரியாதை.

பிழை. குட்டைப் பெயர்தான் உச்சம். முன்னொரு காலத்தில் ஊரின் பெயர் வெறும் ஷெவ்ரே. ஷாம்பெர்த்தான் என்ற ஒரு தோட்டத்தின் புகழைப் பார்த்து ஊரே அந்தப் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே நீளப் பெயர் என்றால் ஊரின் பொதுச் சரக்கு.

அதோடு முடியவில்லை. க்ளோ த பேஸில் விளைந்ததை ஷாம்பெர்த்தான் என்று விற்கலாம். ஷாம்பெர்த்தானில் விளைந்ததை க்ளோ த பேஸ் என்று விற்க முடியாது. மாஸ்வாயேரை ஷார்ம் என்று சொல்லலாம். இதையெல்லாம் யார் முடிவு செய்தது என்று கேட்டேன். அரசாங்கம் என்றார். அரசாங்கம் வகுக்கும் தரங்களைப் பற்றி எனக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. பதினொரு வருடமாக என் குடும்பமே ஒரு தற்காலிக விசா இலக்கத்தின் பெயரில்தான் இருந்தது.

ஒரேயொரு விஷயம் மட்டும் சொன்னவுடன் விளங்கியது. அந்த ஒன்பது தோட்டமும் ஆளுக்கு ஒன்று இல்லையாம். ஒரே தோட்டத்தில் பலபேருக்குப் பங்கு. அப்பன் பிள்ளைகளுக்குப் பிரித்து, அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பிரித்து, சிலருக்கு நாலு வரிசைதான் மிச்சம். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவனுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. கிணற்றிலும் பங்கு எழுதுவார்களா என்று கேட்டேன். அங்கே கிணறு இல்லை என்றார் ஹெலன். தண்ணீரே விடுவதில்லையாம்.

அங்கேதான் என் தலை சுற்றத் தொடங்கியது.

கல்லுக்கு வந்த யோகம்

யாழ்ப்பாணம் தட்டையான ஊர். சரிவு என்றால் எங்களுக்குத் தெரிந்தது கூரைதான். நல்ல காணி என்றால் செம்மண், ஆழம், பக்கத்தில் வற்றாத கிணறு. கல்லுக் காணியைச் சீதனமாகக் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போய்விடுவார்கள்.

ஹெலனின் கணக்கு நேர்மாறு. கீழே கொழுத்த மண்ணில் விளைவது மட்டம். சரிவில், கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே, காய்ந்து போய் விளைவதுதான் உச்சம். கொடிக்குத் தாகம் எடுக்க வேண்டுமாம். தாகம் எடுத்தால் வேர் ஆழமாகப் போகுமாம். பழம் சின்னதாக வருமாம், தோல் தடிக்குமாம், அதில்தான் ருசி இருக்குமாம். பீட்டரும் அவரும் முப்பது வருடம் அந்த ஒன்பது வரிசைக்கும் ஒரு வாளி தண்ணீர் விட்டதில்லை.

நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் ஒப்புக்கொள்ளவில்லை. முந்திரிகைக்கு அடியில் பாத்தி கட்டி, ஆட்டெருப் போட்டு, வாய்க்காலால் நிரம்பத் தண்ணீர் விட்டு வளர்த்தவன் நான். என் பழத்தை வாங்க யாழ்ப்பாணச் சந்தையில் ஆள் காத்துநின்ற காலம் உண்டு. இந்த மனுசி படித்தவ, நல்லவ, ஆனால் கொடியைப் பட்டினி போடுகிறா என்றுதான் மலரிடம் சொன்னேன். மலர் என் மனைவி. அவள் என்னிடம், சம்பளம் தாறவ சொல்லுறதைச் செய்யுங்கோ என்றாள்.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. தாகத்தில் வைத்தால்தான் நல்ல சாறு வரும் என்ற கதை. பதினொரு வருடம் எங்களையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். எங்களுக்குள் என்ன சாறு ஊறியது என்று இன்னும் ஒருவரும் பிழிந்து பார்க்கவில்லை.

கடிதம்

அந்தக் கோடையில்தான் எங்கள் நிரந்தர விசாவுக்கான விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருந்தது. வேலை கொடுப்பவரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும், அது பலமாக இருக்க வேண்டும் என்று லோயர் திகதியும் குறித்துத் தந்துவிட்டார். என் மகள் ஆரணிக்கு அது பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம். விசா வராவிட்டால் அவள் பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டு மாணவியாகத்தான் போக வேண்டும். அந்தக் கட்டணம் எங்களால் கனவிலும் கட்ட முடியாது. எங்கள் வீட்டில் அந்தக் கடிதத்தைத் தவிர வேறு பேச்சே இருக்கவில்லை.

ஹெலனிடம் கேட்டேன். சிட்னியில் தங்கைக்கு இடுப்பில் ஓபரேஷன், போய்விட்டு வந்து எழுதித் தருகிறேன் என்றார். பதினாறு நாள் தோட்டம் என் பொறுப்பு. புறப்படும்போது கார் கண்ணாடியை இறக்கி, ஒன்பது வரிசையையும் தொடவேண்டாம் என்றார். இந்த வருடம் பழம் சின்னதாக, இறுக்கமாக வந்திருக்கிறது, அந்தக் கிழவர் ஊற்றித் தந்ததற்குக் கிட்டவாக ஏதாவது செய்ய முடிந்தால் இந்த வருடம்தான் முடியும் என்றார். பீட்டர் இல்லாமல் முதல்முறையாக அவர் ஆசையோடு பேசியதைக் கேட்டேன்.

பதினாறு நாள்

அவர் போன மூன்றாம் நாள் வெய்யில் தொடங்கியது. வடக்குக் காற்று அடுப்பு வாயால் வருவது போல வந்தது. பெரிய தோட்டத்துக்குச் சொட்டுக் குழாய் உண்டு, அது பிழைத்துக்கொண்டது. ஒன்பது வரிசைக்கும் ஒன்றும் இல்லை.

முதலில் வாடியது சனி வரிசை. இலைகள் பின்பக்கம் காட்டின. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் பெரிய தண்ணீர்த் தாங்கியிலிருந்து நீளக் குழாயை இழுத்துக்கொண்டு சரிவில் ஏறினேன். சனிக்கு மட்டும் கொஞ்சம் என்றுதான் நினைத்தேன். ஒருவருக்கு விட்டுவிட்டு மற்ற எட்டுப் பேரையும் பார்த்துக்கொண்டு நிற்க மனம் வரவில்லை. நவக்கிரகத்தில் ஒருவரை மட்டும் சுற்றிவிட்டு வர முடியாது, சுற்றினால் ஒன்பது பேரையும்தான்.

பிறகு எனக்குக் கை ஊறத் தொடங்கியது. மண்வெட்டியால் ஒவ்வொரு கொடிக்கும் பாத்தி கட்டினேன். பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஆட்டெரு கேட்டு வாங்கி வந்தேன். காலையில் ஒருமுறை, வெய்யில் தாழ ஒருமுறை. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். கன வருடத்துக்குப் பிறகு, யாரும் சொல்லாமல் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். பழங்கள் ஊதி வந்தன. கையில் எடுத்துப் பார்த்து, ஹெலன் வந்ததும் கண்ணை அகல விரிக்கப் போகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

தாகம்

மிச்சம்தான் உங்களுக்குத் தெரியுமே. வந்தார், மென்றார், துப்பினார்.

கண்ணாடியைத் துடைத்து முடித்ததும் தண்ணீர் விட்டீர்களா என்று கேட்டார். விட்டேன் என்றேன். ஏன் என்றார். அந்த ஏனுக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆங்கிலம் இருக்கவில்லை. அவற்றுக்குத் தாகம் என்று மட்டும் சொன்னேன்.

ஹெலன் என்னையே பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மாறியது. கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் கிட்ட வந்து என் தோளில் கையை வைத்தார்.

"படகு" என்றார். "கடவுளே. நான் அதை யோசிக்கவே இல்லை."

நாங்கள் அகதிகளாகப் படகில் வந்தவர்கள் என்று அவருக்குத் தெரியும். நடுக்கடலில் தண்ணீர் இல்லாமல் தவித்தவன், ஒரு கொடி தாகத்தில் வாடுவதைப் பார்த்துப் பொறுக்கமாட்டான் என்று அவரே முடிவு செய்துகொண்டார். என்னைப் போய் அந்த வரிசைகளைப் பார்க்க வைத்துவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டார். கண் கலங்கியிருந்தது. முப்பது வருடக் கொடியின் நல்ல வருடத்தைக் கெடுத்தவன் நான், மன்னிப்புக் கேட்டவர் அவர்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரம் கடிதம்தான் கண்ணில் நின்றது. தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலை ஓம் என்று சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரமே கடிதம் கிடைத்தது. ஒன்றரைப் பக்கம்.

வீட்டில் வாசித்தது

ஆரணி கதிரையில் காலை மடக்கி இருந்துகொண்டு கடிதத்தைச் சத்தமாக வாசித்தாள். வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். மிக நல்ல ஆங்கிலம் என்றாள். தாகத்தை அறிந்த மனிதர், தான் பட்டதை ஒரு செடியும் படக்கூடாது என்று நினைத்தவர், இப்படிப்பட்டவர் இந்த நாட்டுக்கு வேண்டும் என்று எழுதியிருந்தது.

மலர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"எந்தத் தாகம்? படகில தண்ணி மிச்சமாக் கிடந்ததே. அந்தக் குடிதண்ணியிலதான் நான் பிள்ளைக்கு முகம் கழுவிவிட்டனான்."

அதுதான் உண்மை. படகில் சாப்பாடு இல்லை. பயம் இருந்தது, வாந்தி இருந்தது. தண்ணீர்க் கான்கள் மட்டும் கரைக்கு வரும்வரை நிறைந்தே கிடந்தன.

ஆரணி கடிதத்தை மேசையில் வைத்தாள். "அப்பா, திஸ் இஸ் நொட் ட்ரூ, ரைட்?" என்றாள். நான் கடிதத்தை எடுத்து மடித்தேன். அவள் அறைக்குள் போய்விட்டாள்.

கிளென் வேவர்லியில் இருக்கும் குணம் அண்ணைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். எங்கள் ஆட்களின் கடிதம், படிவமெல்லாம் பார்த்துக் கொடுப்பவர். ஐந்து நிமிடத்தில் போன் எடுத்தார். இப்படி ஒரு கடிதம் ஒருத்தருக்கும் கிடைத்ததில்லை, நாளைக்கே லோயரிடம் கொடு என்றார். பொய் நீ சொல்லவில்லையே, அந்த மனுசிதானே எழுதியது என்றும் சொன்னார். அதுவும் சரியாகத்தான் பட்டது.

அந்தக் கிழமை முழுவதும் கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. அதை ஏன் திருப்பிக் கொண்டுபோனேன் என்று கேட்டால் இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது. குடிவரவு அதிகாரிகளின் முதல் விசாரணையில் படகைப் பற்றிச் சொன்னதும் இதுவும் முட்டுமோ என்ற பயம் இருந்தது. மகளின் முகம் இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதைத்தான் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என்னை அவர் ஒரு கமக்காரனாக, விவசாயம் தெரிந்தவனாகப் பார்க்கவில்லையே என்ற கோபம். நான் அறிந்து, யோசித்து, எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன். அவர் அதை ஒரு நோயாக்கிவிட்டார்.

திருப்பிக் கொடுத்தது

சொல்ல வேண்டிய ஆங்கிலத்தை ஆரணியிடம் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு போனேன். அவள் சந்தோஷமாகச் சொல்லித் தந்தாள் என்று இல்லை. கடிதம் போனால் தனக்கு என்ன போகும் என்று அவளுக்கும் தெரியும்.

ஹெலன் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். படகில் எங்களுக்குத் தாகம் இருக்கவில்லை என்றேன். நான் தண்ணீர் விட்டது நீங்கள் செய்வது பிழை என்று நினைத்ததால் என்றேன். ஊரில் நான் அப்படித்தான் வளர்த்தேன், என் பழம் நல்ல பழம், உங்களை விட எனக்குத் தெரியும் என்று நினைத்தேன், என்றேன். பாடமாக்கியது அவ்வளவும் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

ஹெலன் எழும்பினார். ஒரு காலில்தான் சப்பாத்து.

"அப்படியென்றால் நான் சொன்னது கேட்டது. விளங்கியது. விளங்கித்தான் செய்தீர்கள்."

ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு அவர் போட்ட சத்தம் பக்கத்துத் தோட்டம் வரை கேட்டிருக்கும். தன்னை முட்டாள் என்று நினைத்தாயா என்று கேட்டார். பீட்டர் நட்ட கொடி என்றார். இனி எத்தனை வருடம் தனக்கு இருக்கிறது என்று தெரியுமா என்றார். அவ்வளவு காலமும் அவர் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. நான் நடுங்கினேன். நடுங்கிக்கொண்டே, கன நாளுக்குப் பிறகு நேராக நின்றதாகவும் உணர்ந்தேன். இரண்டும் ஒன்றாக எப்படி வரும் என்று கேட்காதீர்கள்.

கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஒன்பது வரிசையிலும் போட்டிருக்கும் பறவை வலையைக் கழற்று என்றார்.

கழற்றினேன். நாலு நாளில் பறவைகள் எல்லாவற்றையும் தின்று முடித்தன. தண்ணீர் குடித்து ஊதிய அந்தப் பழம் வைன் செய்ய உதவாதாம். நான் பெரிய தோட்டத்தில் நின்று வேலை செய்தபடி பறவைகளின் சத்தத்தைக் கேட்டேன். என் பழம் நல்ல பழம் என்று பறவைகளாவது சொல்லியிருக்கும். எனக்கு அழுகை வந்தது. கெட்டது அவருடைய வருடமா என் உழைப்பா, எதற்காக அழுகிறேன் என்று தெரியவில்லை.

நாலு வரி

அந்த நாலு நாளும் ஹெலன் என்னோடு பேசவில்லை. வீட்டில் மலரும் அதிகம் பேசவில்லை. லோயர் தந்த திகதிக்கு ஒரு நாள்தான் இருந்தது. குணம் அண்ணை இரண்டு முறை போன் எடுத்தார், நான் தூக்கவில்லை. பிள்ளையின் படிப்பை நானே என் கையால் கெடுத்துவிட்டேன் என்று ஓடும் காரில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்கப் பயங்கரமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை ட்ராக்டர் இருக்கையில் ஒரு கடித உறை கிடந்தது. ஆரணிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பள்ளிக்கூடத்தில் இருந்தவள் இடைவேளையில் போன் எடுத்து, மெதுவாகத் தமிழில் சொன்னாள். நாலே வரிதான் இருந்தது.

சிவபாலன் என்னிடம் ஐந்து வருடமாக வேலை செய்கிறார். அவர் முந்திரிகை வளர்க்கத் தெரிந்தவர், ஆனால் நாங்கள் வளர்ப்பது போல அல்ல. சொன்னதைக் கேட்கமாட்டார், செய்ததை ஒளிக்கவும் மாட்டார். அவருக்கு இங்கே வேலை உண்டு, நான் இருக்கும்வரை.

லோயர் வாசித்துவிட்டு இது என்ன கடிதம் என்று கேட்டார். இதுதான் என்றேன். அதைத்தான் சேர்த்தார். எதனால் விசா வந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த நாலு வரியை யாராவது வாசித்தார்களா என்றும் தெரியாது. வந்தது. ஆரணி இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம்.

விசா வந்த அன்று ஒரு பெட்டி இனிப்போடு ஹெலனிடம் போனேன். கட்டிப்பிடித்தார். தேநீர் ஊற்றித் தந்தார். பழையபடி எல்லாவற்றையும் பேசினார். சரி, எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு, ஒன்பது வரிசைக்கும் கிளை நறுக்கிக் கவ்வாத்துப் பண்ணும் நேரம் வந்துவிட்டதே, நாளைக்குத் தொடங்கட்டா என்று கேட்டேன்.

"இல்லை, சிவா. அங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் தேநீர் வேண்டுமா என்று கேட்ட அதே குரலில் சொன்னார்.

அந்தக் கடிதத்தை நான் திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால், அவர் என்னை மன்னித்தது மன்னித்ததாகவே இருந்திருக்கும். பாவம் என்று என்னை அந்த வரிசைகளுக்குள் விட்டிருப்பார். எது நல்லது என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன், பிடிபடவில்லை.

ஹெலனுக்கு இப்போது முழங்கால் நோ. இருந்தாலும் ஒவ்வொரு குளிர்காலமும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் சரிவில் ஏறுகிறார். வரிசைக்கு இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறார். நான் பெரிய தோட்டத்து ஓரமாக ஏதாவது வேலையை வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறேன். கூப்பிட்டால் உடனே ஏறிப்போகலாம். இன்னும் கூப்பிடவில்லை.